முட்டிச் சில்லு அறுவை சிகிச்சைக்குப் பிறகு: முதலில் கால் நீளட்டும், பிறகு மடங்கட்டும்

முட்டிச் சில்லு உடைந்து, கம்பி வைத்துக் கட்டி வீட்டுக்கு வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "கால் எவ்வளவு மடங்குது?" அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு இருக்கின்றன. கால் முழுசாக நீளுகிறதா? நீட்டிய காலை முட்டி தொய்யாமல் தூக்க முடிகிறதா? மடக்கம் மெதுவாக வந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு வந்து சேர்ந்துவிடும். நீட்டும் வலு அப்படித் தானாக வராது. ஆரம்ப வாரங்களில் அதைக் கவனிக்காமல் விட்டவர்கள், எலும்பு கூடி மாதங்கள் ஆன பிறகும் படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டி நீட்டுவதில் தொடங்கி மடக்குவதற்குப் போகிறது.

இங்கே உள்ள வாரக் கணக்கும் கோணக் கணக்கும் பொதுவான நடைமுறை. உங்கள் சில்லு எத்தனை துண்டாக உடைந்திருந்தது, பொருத்தியது எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர் அறுவை சிகிச்சை செய்த மருத்துவர். அவர் சொன்ன எண் இதோடு மாறுபட்டால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

உள்ளே என்ன செய்திருக்கிறார்கள்

தொடையின் முன்பக்கத் தசைகள் நான்கும் ஒரே நாணாக (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற பகுதி) திரண்டு சில்லின் மேல் விளிம்பைப் பிடித்திருக்கின்றன. சில்லின் கீழ் முனையிலிருந்து இன்னொரு நாண் இறங்கிக் கீழ்க்கால் எலும்பில் ஒட்டுகிறது. தசை சுருங்கினால் சில்லு மேலே இழுபடும், கால் நீளும். நடுவில் சில்லு முட்டுக்கொடுத்து நிற்பதால் தசையின் நீட்டும் திறன் சுமார் 30 சதவீதம் கூடுகிறது.

சில்லு குறுக்கே உடைந்தால் மேல் துண்டைத் தொடைத் தசை தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். துண்டுகளுக்கு நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி, மூட்டுப் பக்கம் 2 மில்லிமீட்டருக்கு மேல் மேடுபள்ளம், காலைத் தானாக நீட்ட முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலே வழக்கமாக அறுவை சிகிச்சைக்குப் போவார்கள்.

மீட்சியின் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. எந்தத் தசையை வலுவாக்க வேண்டுமோ, அதே தசைதான் உடைந்த துண்டுகளைப் பிரித்து இழுக்கும். சும்மா கிடந்தால் தசை கரைந்துவிடும், முட்டி இறுகிவிடும். அவசரப்பட்டால் கம்பி அறுந்துவிடும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டுக்கும் நடுவே நடப்பதுதான்.

குறுக்கே இரண்டு துண்டாக உடைந்தால், நீளவாக்கில் இரண்டு மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, அவற்றைச் சுற்றி எட்டு வடிவில் வயரால் இறுக்குவது பழைய, இன்றும் பரவலான முறை. டென்ஷன் பேண்ட் வயரிங் என்பார்கள். கம்பிக்குப் பதில் உள்ளே துளையுள்ள ஸ்க்ரூ வைத்து அதன் வழியாக வயரைக் கோப்பதும் உண்டு. பல துண்டாக நொறுங்கியிருந்தால் சிறிய பிளேட் வைக்கிறார்கள். கீழ் முனை மட்டும் தூளாகியிருந்தால் அந்தத் துகள்களை எடுத்துவிட்டு, நாணை மீதிச் சில்லோடு சேர்த்துத் தைப்பார்கள். இந்தக் கடைசி வகைக்குப் பொதுவாகக் கூடுதல் பொறுமை வேண்டும், ஏனென்றால் ஆற வேண்டியது எலும்பு மட்டும் இல்லை, நாண் எலும்போடு ஒட்டவும் வேண்டும்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் நான்கு விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: என்ன வைத்துப் பொருத்தியிருக்கிறார்கள், காலில் எவ்வளவு எடை வைக்கலாம், பிரேஸை (காலை நேராகப் பிடித்து, பக்கக் கீலால் மடங்கும் கோணத்தைக் கட்டுப்படுத்தும் உறை) எந்த வாரம் எத்தனை டிகிரிக்குத் திறக்கலாம், காலைத் தசை பலத்தால் தூக்கவும் நீட்டவும் எப்போது தொடங்கலாம். பின்னால் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த நான்கும் வாய்மொழியாகச் சொல்லப்பட்டு மறந்துபோனதால் வருபவை.

முதல் இரண்டு வாரம்: வீக்கமும் பிரேஸும்

பலருக்கு ஆச்சரியம் தரும் விஷயம், முழுசாக நீட்டிப் பூட்டிய பிரேஸோடு ஓரிரு நாளிலேயே எழுந்து காலை ஊன்றி நடக்கச் சொல்வது. நேரான காலில் நிற்கும்போது சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவே அழுத்தம் குறைவு. அதே கால் மடங்கிய நிலையில் எடை தாங்கினால் கணக்கே மாறிவிடும். படி ஏறும்போது அந்த இடத்தில் உடல் எடையைப் போல சுமார் 3 மடங்கு அழுத்தம் விழும், ஆழமாகக் குந்தினால் 7 மடங்கு வரை போகும். ஆகவே பிரேஸ் பூட்டியிருக்கும் வரை நடை பாதுகாப்பானது. பிரேஸைக் கழற்றிவிட்டுக் குளியலறைக்கு நாலு எட்டு வைப்பதில்தான் ஆபத்து.

நடக்கும்போது வாக்கர் அல்லது ஊன்றுகோல் இரண்டும் முதலில் போகும், பிறகு அடிபட்ட கால், பிறகு நல்ல கால். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். படியில் ஊன்றுகோல் அடிபட்ட காலோடு சேர்ந்து நகரும்.

பிரேஸைச் சரியாக மாட்டுவது ஒரு கலை. கட்டிலில் குதிகாலைச் சிறு மடிப்புத் துணிமேல் வைத்து, முட்டி முழுக்க நீண்ட நிலையில் மாட்டுங்கள். இரண்டு பக்கக் கீலும் மூட்டு மடங்கும் இடத்துக்கு நேராக நிற்க வேண்டும். சில்லு திறப்பின் நடுவே தெரிய வேண்டும். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழையும் அளவு போதும். எழுந்து நின்றதும் பிரேஸ் சரிந்து கீழே இறங்கும். கீல் இரண்டு விரற்கடை இறங்கினாலே முட்டி உள்ளுக்குள் சற்று மடங்கி நிற்கத் தொடங்கிவிடும், அதனால் நின்ற பிறகு ஒருமுறை மேலே ஏற்றி இறுக்குங்கள். முட்டிக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் துருத்தும் எலும்பின்மேல் பட்டை அழுத்தக் கூடாது. அந்த எலும்பைச் சுற்றித்தான் பாதத்தை மேலே தூக்கும் நரம்பு ஓடுகிறது. பாதத்தின் மேற்புறம் மரத்தாலோ, பெருவிரலை மேலே தூக்க முடியாமல் போனாலோ பட்டையை உடனே தளர்த்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீக்கத்தை ஒரு தொந்தரவாக மட்டும் பார்க்காதீர்கள். மூட்டுக்குள் நீர் கட்டினால் மூளை தொடைத் தசைக்குப் போகும் கட்டளையையே குறைத்துவிடுகிறது. எவ்வளவு முயன்றாலும் தசை எழாது. அதனால் வீக்கத்தை இறக்குவதே முதல் உடற்பயிற்சி. ஒரு நாளைக்கு நாலைந்து முறை, துணி சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். படுக்கும்போது கால் இதய மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.

தலையணையை வைக்கும் இடம் குதிகாலுக்கு அடியில். முட்டிக்கு அடியில் வைத்தால் சுகமாக இருக்கும், எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள், அங்கேயே நீளும் திறன் போய்விடும். பிரேஸ் கழற்றிய நேரங்களில் இந்த ஒரு பழக்கத்தை மட்டும் தவிர்த்தால் பின்னால் எவ்வளவோ வலி மிச்சம்.

இப்போது தொடைத் தசையை இறுக்கும் பயிற்சி. கால் நீட்டி உட்கார்ந்து, முட்டியின் பின்புறத்தைக் கட்டிலை நோக்கி அழுத்துங்கள். உள்ளங்கையைச் சில்லுக்கு மேலே, தொடையின் உள்பக்கத்தில் வையுங்கள். சரியாகச் செய்தால் கைக்கடியில் தசை பந்துபோல் திரளும், சில்லு ஒரு விரற்கடை இடுப்பை நோக்கி நகரும். முதல் நாள் ஒன்றுமே நகராமல் போகலாம். அப்போது நல்ல காலில் அதே அழுத்தத்தைச் செய்து, அந்த உணர்வை இந்தக் காலில் தேடுங்கள். 5 விநாடி பிடித்து விடுவது 10 முறை, விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை. மூச்சை அடக்காதீர்கள். பிட்டத்தை இறுக்கி ஏமாற்றுவதும் நடக்கும், அது கணக்கில் வராது. பத்து நாள் ஆகியும் தசை எழவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டிடம் மின்தூண்டல் (மெல்லிய மின்சாரத்தால் தசையைச் சுருங்க வைப்பது) பற்றிக் கேளுங்கள், அது நன்றாக உதவும்.

கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவதை மணிக்கு 20 முறை செய்யுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க இது வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்க ஊசியோ மாத்திரையோ கொடுத்திருந்தால் நாள் தவறாமல் முடியுங்கள்.

தையலோ ஸ்டேப்பிளோ வழக்கமாக 10 முதல் 14 நாளில் எடுக்கப்படும். அதுவரை காயம் நனையக் கூடாது. தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு திட்டு மரத்துக் கிடக்கும். கீறும்போது சிறு தோல் நரம்பு அறுபடுவதால் வருவது அது. மாதக்கணக்கில் சுருங்கும், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகத் தங்கும், நடைக்கு எந்தக் குறையும் இல்லை.

2 முதல் 6 வாரம்: மடக்கத் தொடங்குதல்

பொருத்தியது உறுதியாக இருந்தால் இந்தக் கட்டத்தில் பிரேஸை 30 டிகிரி, பிறகு 60, ஆறாம் வாரத்துக்குள் 90 என்று திறந்துகொண்டே போவார்கள். சிலருக்கு முதல் வாரத்திலேயே தொடங்கும். எலும்பு மென்மையாக இருந்தாலும் நொறுங்கியிருந்தாலும் தள்ளிப்போகும். நடப்பது மட்டும் இன்னும் பூட்டிய பிரேஸோடுதான்.

மடக்குவதற்கு உங்கள் பின்தொடைத் தசையைப் பயன்படுத்துங்கள், நீட்டுவதற்கு வெளியிலிருந்து உதவி எடுங்கள். இந்தக் காலகட்டத்தின் பொன்விதி இது. படுத்தபடி குதிகாலைப் பிட்டத்தை நோக்கி இழுக்கலாம். பாதத்துக்கு அடியில் வழுக்கும் துணியோ பிளாஸ்டிக் உறையோ இருந்தால் உராய்வு குறையும். அனுமதித்த கோணத்தில் 5 விநாடி நிறுத்தி, திரும்பும்போது பாதத்தில் மாட்டிய துண்டைக் கையால் இழுத்து நீட்டுங்கள். 10 முதல் 15 முறை, நாளுக்கு மூன்று வேளை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செய்தால் நல்ல பாதத்தை அடிபட்ட கணுக்காலுக்கு அடியில் கொடுத்துத் தாங்கி இறக்குங்கள், அதே பாதத்தால் தூக்கி மேலே கொண்டுவாருங்கள். தொங்கிய காலைத் தன் பலத்தால் நீட்டுவது இப்போது வேண்டாம். கூடிக்கொண்டிருக்கும் துண்டுகளை மிக மோசமாக இழுப்பது அந்த அசைவுதான்.

நீட்டிய காலைத் தூக்கும் பயிற்சியைச் சிலர் பிரேஸோடு முதல் வாரங்களிலேயே அனுமதிக்கிறார்கள், சிலர் 6 வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அனுமதி கிடைத்தால் முதலில் தசையை இறுக்கி, பிறகு குதிகாலை 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். குதிகால் கிளம்பும் நொடியில் முட்டி மடங்கித் தொய்ந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். தொய்வோடு நூறு முறை தூக்கினாலும் தொய்வுதான் பழகும். மீண்டும் இறுக்கும் பயிற்சிக்கே திரும்புங்கள்.

காயம் முழுக்க மூடிய பிறகு, மருத்துவர் சம்மதத்தோடு, சில்லைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்துங்கள், தழும்பை வட்டமாகத் தேய்த்துவிடுங்கள். தோலும் சில்லும் ஒட்டிப்போனால் மடக்கம் ஒரு கோணத்துக்கு மேல் போகாது.

வலியை அளக்க எளிய முறை: பத்துக்கு மூன்று, நான்கு வரையிலான வலி பயிற்சியின்போது இருக்கலாம், மறுநாள் காலைக்குள் அடங்க வேண்டும். மறுநாள் முட்டி முந்தைய நாளைவிட உப்பியிருந்தால் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். யாரோ ஒருவர் பலவந்தமாக அமுக்கி மடக்கிவிட இடம் கொடுக்காதீர்கள்.

6 முதல் 12 வாரம்

ஆறாம் வாரத்து எக்ஸ்ரே பெரிய திருப்பம். துண்டுகள் நகராமல், உடைந்த கோடு மங்கத் தொடங்கியிருந்தால் பிரேஸ் திறக்கப்படும், பிறகு மெல்லக் கழற்றப்படும். பெரும்பாலான சில்லுகள் 8 முதல் 12 வாரத்துக்குள் எக்ஸ்ரேயில் கூடித் தெரியும். நீட்டிய காலைத் தொய்வில்லாமல் 10 முறை தூக்க முடிந்த பிறகே பிரேஸை விடுவது நல்லது. இல்லாவிட்டால் முட்டி திடீரென்று வளைந்து ஆளைக் கீழே தள்ளும், அந்த விழுகையில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

எத்தனை டிகிரி எதற்குப் போதும் என்று தெரிந்தால் மனம் அமைதியாகும். சமதளத்தில் நடக்க 60 முதல் 70, படி ஏற சுமார் 85, படி இறங்கவும் நாற்காலியிலிருந்து எழவும் 90 முதல் 105, நின்ற இடத்துச் சைக்கிளில் முழுச்சுற்றுச் சுற்ற சுமார் 110. முழுக்கக் குந்த 130க்கு மேல் வேண்டும்.

சைக்கிளின் இருக்கையை உயர்த்தி வையுங்கள். முழுச்சுற்று வராவிட்டால் தொட்டில் ஆட்டுவதுபோல் முன்னும் பின்னும் ஆட்டினாலே போதும். பாரமே வைக்காமல் 10 நிமிடம். சுவரோரம் சாய்ந்து 45 டிகிரி வரை அரைக்குந்தல், குதிகால் உயர்த்தல், 10 சென்டிமீட்டர் பலகைமேல் ஏறுதல் எல்லாம் இப்போது வரும். ஜிம்மில் உட்கார்ந்து பாரத்தைக் காலால் உதைத்து நீட்டும் இயந்திரத்தை மூன்று மாதம் முடியும் வரை தொடாதீர்கள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு

எலும்பு கூடிவிட்டது, வலியும் குறைந்தது என்று பலர் பிசியோதெரபியை நிறுத்துவது இந்த நேரத்தில். தொடையோ இன்னும் மெலிந்தே இருக்கும். சில்லின் மேல்விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே குறியிட்டு, இரண்டு தொடைகளின் சுற்றளவையும் டேப்பால் அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை போதும். படியிலிருந்து மெல்ல இறங்கும் பயிற்சிதான் இந்தக் கட்டத்தின் உயிர்: 10 சென்டிமீட்டர் உயரத்தில் அடிபட்ட காலில் நின்று, மற்றக் குதிகால் தரையைத் தொடும் வரை மூன்று விநாடி எடுத்து இறங்குங்கள். முட்டி உள்பக்கம் சரியக் கூடாது. பிசகாமல் 10 முறை வந்தால் 15, பிறகு 20 சென்டிமீட்டர்.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு, காலை நீட்டி வைக்க இடமிருந்தால், 2 முதல் 6 வாரத்தில் திரும்பலாம். நின்று, ஏறி, சுமந்து செய்யும் வேலைக்கு 3 முதல் 6 மாதம். ஓட்டம் 4 முதல் 6 மாதத்துக்குப் பிறகு, ஆட்டங்கள் அதற்கும் பிறகு. வண்டி ஓட்ட, பிரேஸ் கழன்றிருக்க வேண்டும், மயக்கம் தரும் வலிமாத்திரை நின்றிருக்க வேண்டும், சட்டென்று முழுப் பலத்தோடு பிரேக்கை மிதிக்க முடிய வேண்டும். அடிபட்டது பிரேக் மிதிக்கும் கால் என்றால் 6 வாரத்துக்கு முன் யோசிக்கவே வேண்டாம்.

உடனே மருத்துவரிடம் ஓட வேண்டியவை

கெண்டைக்கால் வீங்கி இறுகி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே பார்க்க வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் நேராக அவசர சிகிச்சைதான். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், காயத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பு, சில நாள் தாண்டியும் நிற்காத கசிவு ஆகியவை தொற்றின் அறிகுறிகள். சில்லின்மேல் தோல் மெலிது, தொற்று கம்பி வரை இறங்க அதிக நேரம் எடுக்காது.

"டக்" என்ற சத்தம், திடீர் வலி, நேற்று வரை தூக்க முடிந்த காலை இன்று தூக்க முடியாமை, சில்லின் நடுவே விரலுக்குத் தட்டுப்படும் பள்ளம்: கம்பி அறுந்தோ நழுவியோ துண்டுகள் பிரிந்திருக்கலாம். பிரேஸைப் பூட்டி, காலை ஊன்றாமல் போய் எக்ஸ்ரே எடுங்கள்.

மடக்கம் மூன்று மாதமாகியும் 90 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்து மடக்குவது, நுண்துளை வழியாக ஒட்டுகளை விடுவிப்பது என்று வழிகள் உண்டு. நாள் போகப் போக ஒட்டு முற்றிவிடும்.

வயதானவர்கள் நின்ற உயரத்திலிருந்து விழுந்ததிலேயே சில்லு உடைந்தது என்றால் எலும்பு அடர்த்திப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். புகைப்பவர்களுக்கு எலும்பு கூடுவது தாமதமாகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் காயம் ஆறுவதும் தாமதப்படும்.

ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கும்

பெரும்பாலானவர்களுக்கு எலும்பு நன்றாகவே கூடுகிறது, நடை இயல்பாகிவிடுகிறது. முட்டி மட்டும் பழைய முட்டியாகவே திரும்பிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மண்டியிடும்போதும் படி இறங்கும்போதும் நெடுநேரம் மடக்கி உட்கார்ந்து எழும்போதும் முன்முட்டியில் வலி தங்குவது சகஜம். அடிபட்ட தொடையின் வலு மற்றதைவிடக் குறைவாகவே இருப்பதும் அடிக்கடி காணப்படுவது. மூட்டுப் பரப்பு மேடுபள்ளமாக ஆறியிருந்தால் வருடங்கள் கழித்து அங்கே தேய்மானம் வரலாம்.

மண்டியிடுவதைக் கடைசியாகப் பழகுங்கள். தடித்த மெத்தைமேல், எடையின் பெரும்பகுதியைக் கையில் தாங்கி, அரை நிமிடத்தில் தொடங்குங்கள். சுளீரென்று ஒரே புள்ளியில் குத்தினால் அது தசைவலி இல்லை, பெரும்பாலும் கம்பியின் முனை. தோலுக்கும் கம்பிக்கும் நடுவே சதையே இல்லாத இடம் அது. இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு மிகச் சாதாரணமான காரணமும் இதுதான். சில ஆய்வுகளில் ஏறத்தாழ பாதிப் பேர் கம்பியை எடுக்க வேண்டிவந்தது. தொந்தரவில்லாத கம்பியை அப்படியே விட்டுவிடலாம். தொந்தரவு தந்தால் எலும்பு முழுக்கக் கூடிய பிறகு, வழக்கமாக ஒரு வருடம் ஒட்டி, எடுப்பார்கள். கம்பி தோலைத் துருத்தி மெலிதாக்கினால் அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது. எடுத்த மறுநாளே பெரும்பாலும் நடக்கலாம். கம்பி இருந்த துளைகள் நிரம்பும் வரை சில வாரங்களுக்குக் குதிப்பதும் ஓடுவதும் வேண்டாம்.